தலைப்பாகையோடு போனதா?

‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்று ஆறுதல் சொல்வது நம்மவர் வழக்கம். நல்ல வாக்குத்தான். ஆனால் போனது அடியோடு போய்விட்டதா, தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறதா என்ற கேள்விக்கு அந்தப் பழமொழியில் பதில் இல்லை. எனக்கோ அந்தக் கேள்விதான் முக்கியம்.

நம் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றித் தெளிந்த நீர் ஒன்று இருக்கிறது. சுமார் 150 மில்லி. ஒரு காப்பித் தம்ளர் அளவு. நாளொன்றுக்கு அது ஏறக்குறைய 500 மில்லி ஊறுகிறது. ஊறிய அளவே இரத்தத்தில் வடிந்தும் போகிறது. இந்தக் கணக்குத் தவறினால், விரிந்து கொடுக்காத மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. சிலருக்குக் கட்டியும் இராது, சீழும் இராது. படம் எடுத்துப் பார்த்தாலும் குற்றவாளி அகப்படுவதில்லை. முதுகில் ஊசி செலுத்தி இந்த நீரை எடுக்கும் முறையை ஜெர்மானிய மருத்துவர் குவின்கே 1891-இல் வெளியிட்டார். அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி 1937-இல் இத்தகைய நோயாளிகள் 22 பேரைப் பற்றி எழுதினார். இன்று அசெட்டசோலமைடு மாத்திரை இருக்கிறது; உடல் எடை குறைந்தால் அழுத்தமும் குறையும் என்ற அறிவும் இருக்கிறது. பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதிலுள்ள, உடல் பருத்த பெண்களையே பிடிக்கும் இந்த நோய் என்னையும் பிடித்தது, பிறகு விட்டது. விட்டுப் பல ஆண்டு கழித்தும் சிலரிடம் அது திரும்பி வருவதுண்டு. வந்தால் கண்ணின் நரம்பை வீங்க வைக்கும். கவனியாமல் விட்டால் பார்வையைக் கொண்டுபோய்விடும். எழுதிப் பிழைக்கிறவளுக்கு இதைவிடப் பெரிய அச்சம் எது?

நான் வசிப்பது திருப்பூரில். தெருவுக்கு நாலு பனியன் கம்பெனி. நோய் இருந்தபோது நாடித் துடிப்போடு சேர்ந்து காதுக்குள் ஓர் இரைச்சல் கேட்கும். இப்போது மின்சாரம் நின்று பின்னல் இயந்திரங்கள் ஓயும்போதெல்லாம் நான் மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுக்கிறேன். குனிந்து நிமிர்கையில் கண் இருண்டால், வெயிலா, பசியா, அதுவா? மற்றவர்களுக்குத் தலைவலி வெறும் தலைவலி. எனக்கு அது, பிரிப்பதற்கு முன்பே நெஞ்சு படபடக்கிற அந்தக் காலத்துத் தந்தி.

“மறந்துவிடுங்கள்” என்கிறார்கள். மறதி மருந்தாகுமா? எங்கள் ஊர் நொய்யலைக் கேளுங்கள். சாயக்கழிவை ஆற்றில் விட்டுவிட்டு மறந்திருந்தோம். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுநீர் தேங்கி, உழவர்கள் அந்த நீரே வேண்டாம் என்னும் நிலை வந்தது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதுதான் ஊர் முழுவதும் விழித்துக்கொண்டது. தண்ணீர் தெளிந்துவிட்டது என்ற நம்பிக்கை ஆற்றைக் காப்பாற்றாது. விடாமல் நடக்கும் சோதனைதான் காப்பாற்றும்.

அப்படியானால் நாள் முழுதும் அஞ்சிக்கொண்டே இருப்பதா? அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதைக் கோழைத்தனம் என்று வள்ளுவர் சொல்லவில்லை. அதை அறிவுடைமை என்ற அதிகாரத்தில் வைத்தார். ஆனால் என் அச்சத்தில் அறிவு எவ்வளவு, வெறும் நடுக்கம் எவ்வளவு என்று பிரிப்பது எப்படி?

அதற்கு வழி சொன்னவள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் அண்டை வீட்டுப் பெண். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இவற்றைப் பார்ப்பது அவள் வேலை. “ஒரு பீஸை ஒருக்கா நல்லாப் பாத்துப்போட்டு அடுத்ததுக்குப் போயிரோணுங்க அக்கா. அதையவே திருப்பித் திருப்பிப் பாத்துட்டிருந்தா லோடு எப்பிடீங்க போகும்?” என்றாள். விழிப்புக்கு ஒரு வேளை உண்டு. அது முடிந்ததும் கை அடுத்த வேலைக்குப் போகிறது. நடுக்கத்துக்கு வேளை ஏது? அது ஒரே துணியைக் கையில் வைத்துக்கொண்டு பொழுதைத் தின்கிறது.

என் பொழுதை மட்டுமா? என் கை நெற்றிக்குப் போனால் வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கணவர் என் முகத்தையே பார்க்கிறார். நோயாளிக்குக் கவனிப்பைக் கேட்க உரிமை உண்டு. வீட்டையே காவல் நிலையமாக்க உரிமை இல்லை. அதற்காக வலியை விழுங்கிக்கொண்டு சிரிப்பதும் அறமாகாது. மறைப்பதைத் தியாகம் என்று கதைகளில் எழுதி எழுதி நாங்கள்தான் அதற்குப் பெருமை தேடிக் கொடுத்துவிட்டோம். மறைத்து வைத்த நோய் முற்றினால், அந்தச் சுமையையும் சுமப்பது அதே வீட்டார்தானே?

ஆகவே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். குறித்த தேதியில் கண் மருத்துவர். வாரத்துக்கு ஒரு நாள் எடை பார்ப்பது. பார்வை மங்கினாலோ, உருவம் இரண்டாய்த் தெரிந்தாலோ, காதில் அந்த இரைச்சல் வந்தாலோ, தலைவலி வழக்கத்தை மீறினாலோ, அந்த நிமிஷமே வீட்டில் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் புறப்படுவது. மற்றத் தலைவலிகளுக்குச் சுக்குக் காப்பி.

அச்சம் இதனால் ஒழிந்துவிடவில்லை. அதற்கும் வீட்டில் ஓர் இடம் உண்டு. நடுக்கூடம் இல்லை, அவ்வளவுதான். நோய் திரும்பி வரலாம். வந்தால் அந்த நாட்கள் அதற்கு. வராத நாட்களையும் நானே அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டால், விட்டுப்போன நோய்க்கும் விடாத நோய்க்கும் என்ன வேற்றுமை?