விடுவித்தல் அறமாகுமா?

உயிர்களிடத்து அன்பு காட்டுவது அறம் என்பதில் ஐயமில்லை. ஆயின், ஓர் உயிருக்குக் காட்டும் அன்பு பல உயிர்களுக்குக் கேடாய் முடியுமாயின் அதனையும் அறம் எனலாமா? இவ்வினாவுக்கு விடை காணச் சிறு மீன்களின் வரலாறு துணைபுரிகிறது.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் சிக்லிட் குடும்பத்துச் சிறு மீன்கள் நூற்றுக்கணக்கான இனங்களாகப் பல்கியிருந்தன. விரல் நீளமே உடைய அம்மீன்களில் தாய் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாய்க்குள் வைத்துக் காக்கும். அந்நாள்களில் இரையையும் துறந்திருக்கும். 1950களில், மீன்வளத்தைப் பெருக்கும் நோக்கத்துடன், நைல் பெர்ச் என்னும் பெருமீன் அவ்வேரியில் விடப்பட்டது. 1980களுக்குள் அச்சிறு மீன் இனங்களுள் மிகப்பல மறைந்தன. பின்னாளில் சில மீண்டன; பல மீளவேயில்லை. விட்டவர் நோக்கம் தீயதன்று, விளைவோ பேரழிவு.

அதே குடும்பத்து மொசாம்பிக் திலாப்பியா, ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் ஜாவாவிலிருந்து மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டது. உணவுக்கென வந்த அம்மீன் குளங்களிலும் ஆறுகளிலும் பரவிற்று; இன்று நாட்டு மீன்களின் இடத்தைக் கவர்ந்தது என்று பழிக்கப்படுகிறது. அங்கே இரையான குடும்பம் இங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. ஆனால், ஊர்விட்டு ஊர் வந்தது மீனின் விருப்பமா? தேர்ந்து செய்யும் ஆற்றல் எவரிடம் உண்டோ, பொறுப்பும் அவரிடமே உண்டு. நீரில் நீந்தும் மீனுக்கு அன்று, அதனை நீரில் விட்ட கைக்கே அறம் பொருந்தும்.

ஜொகூரின் கெலாங் பாத்தாவை அடுத்து பூலாய் ஆறு கடலோடு கலக்கிறது. அதன் கழிமுகத்து அலையாத்திக் காடு 9,126 ஹெக்டர் பரப்புடையது. 2003ஆம் ஆண்டு அனைத்துலக ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. அவ்வட்டாரத்து இல்லம் ஒன்றில், கண்ணாடித் தொட்டியில் வளர்ந்த சிக்லிட் மீன்கள் பெருகிவிட்டன எனக் கொள்வோம். கொல்ல மனம் வரவில்லை. ஆற்றில் விட்டால் புண்ணியம் என்று தோன்றுகிறது. இரக்கம் உண்மையானதே. ஆயினும், அவ்விரக்கம் கையிலுள்ள மீனை மட்டுமே காண்கிறது. அதற்கு இரையாகப்போகும் நாட்டு மீன்களின் குஞ்சுகளைக் காணவில்லை.

அவ்வாறாயின் தொட்டிச் சிறையே மேலோ எனச் சிலர் வினவலாம். சிறை நன்று என்பது கருத்தன்று. வளர்க்க இயலாதவர், வளர்க்க இயன்றவரிடம் ஒப்படைத்தல் தகும். அதனினும் மேலானது, வாங்கும்முன்னரே சிந்தித்தல். கண்ணுக்குத் தெரியும் உயிரிடம் இரங்குவது எளிது. கண்ணுக்குத் தெரியாத உயிர்களையும் எண்ணிப் பார்க்க அறிவு வேண்டும். அறிவோடு கூடாத அன்பு நல்லெண்ணமாகவே நின்றுவிடும், அறமாகாது.