'நம்மவர்' என்னும் சொல்

1904 முதல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் பொருதும் 'வடக்கின் போர்' துடுப்பாட்டத்தில் ஆடுவோர் அவ்வக் கல்லூரி மாணவரே. 2020இல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக்கிலோ, யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி, சிங்கள வீரரான திசர பெரேராவின் தலைமையில், அம்பாந்தோட்டையில் ஆடிக் கிண்ணம் வென்றது. 2023இல் வீரர்கள் ஏலத்திலும் எடுக்கப்பட்டனர்.

யாரை விடுவது, யாரை எடுப்பது, எதிரணி வலுத்துவிட்டதா என்று சுவைஞர் வாதிடுவர். நேற்று எதிரணியில் இகழப்பட்டவர் இன்று 'நம்மவர்' ஆகின்றார். ஆயின் பற்று எதன்மீது? ஆளின்மீதன்று; பெயரின்மீதே. அதனாற் பற்றுப் பொய்யாகிவிடாது. ஆனால், ஒருவரை 'நம்மவர்' ஆக்குவது இத்துணை எளிதெனின், நேற்று அவரை இகழ்ந்தமைக்கு நியாயம் யாது? தன் அணியைப் போற்றும் உரிமையைப் பற்றுத் தரும். பிறரை இகழும் உரிமையைத் தராது.