முப்பத்தொன்றாம் நாளுக்குப் பின்

கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தின் கூரை 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி காலை 8.45 மணியளவில் குண்டுவெடிப்பில் பெயர்ந்து விழுந்தது. உயிர்த்த ஞாயிறு திருப்பலிக்கு வந்திருந்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் உயிர் போனது. அதே ஆண்டு ஜூன் 12 ஆம் திகதி, அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள், ஆலயம் மீண்டும் அர்ச்சிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. கடற்படையினரின் உழைப்பால் 52 நாட்களுக்குள் சுவர் நிமிர்ந்தது, கூரை ஏறியது, சாயம் காய்ந்தது. இன்று ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே போனால், கத்தோலிக்கரும் சைவரும் பௌத்தரும் மெழுகுதிரியோடு தோளுரசி நிற்பதைக் காணலாம். குண்டு கிழித்த தரையில் ஒரு சிறு பகுதியை மட்டும் திருத்தாமல், கண்ணாடி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் புதிது.

கட்டடம் எழுவதற்கு நாள் குறிக்கலாம். மனிதர் எழுவதற்கு யார் நாள் குறிப்பது? உடம்புக்குள் தங்கிவிட்ட குண்டுச் சிதறலோடு இன்றும் நடமாடுபவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குச் சித்திரை பிறந்தாலே உறக்கம் கலைந்துவிடும். அவர்களுக்கு உதவுவது பற்றி நாம் பேசும்போது எந்தக் காலத்து உதவியைப் பேசுகிறோம் என்ற கேள்வியை நமக்குள் ஒருமுறையாவது எழுப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம்முடைய மரண வீடுகளை நினைத்துப் பாருங்கள். கொட்டாஞ்சேனையின் எந்த ஒழுங்கையிலும் ஒரு சாவு விழுந்தால் மரண உதவிச் சங்கம் விழித்துக்கொள்ளும். வெள்ளைக் கொடி ஏறும், கதிரைகள் வந்து இறங்கும், அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயல்வீட்டுச் சோறு வரும். இரவு முழுக்க யாராவது ஒருவர் தேநீரோடு விழித்திருப்பார். சைவமோ கிறிஸ்தவமோ, முப்பத்தொன்றாம் நாள்வரை அந்த வீடு தனித்து விடப்படுவதில்லை. இது நம் மக்களின் பெரும் பண்பு. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் முப்பத்தொன்று முடிந்து, கதிரைகள் திரும்பிப் போய், கடைசி உறவினரும் பஸ் ஏறிய பிறகு வருகிற மறுநாள் காலை ஒன்று உண்டு. விதவையான பெண் அன்றுதான் வாடகையைப் பற்றி முதன்முதலாக நினைக்கிறாள். துயரம் தன் முழுக் கனத்தோடு வந்து உட்காருவது அன்றைக்குத்தான். அந்தக் காலைக்கு நம் மரபில் சடங்கு இல்லை, சங்கமும் இல்லை.

அரசு என்ன செய்யும், நீதிமன்றம் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். அவை செய்யவேண்டியதைச் செய்தே ஆகவேண்டும். 2023 ஜனவரி 12 ஆம் திகதி உயர் நீதிமன்றம், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. பொறுப்பிலிருந்த மற்ற அதிகாரிகளுக்கும் தனித்தனியே தொகை விதித்தது. குற்றம் எங்கே நிகழ்ந்தது என்பதை நாட்டின் ஏட்டில் எழுதிய தீர்ப்பு அது. நீதியின் இடத்தைத் தருமத்தால் நிரப்ப முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் தொகை எவ்வளவு பெரிதானாலும் அது ஒருநாள் கொடுக்கப்பட்டு, ஒருநாள் செலவழிந்து தீரும். அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். கிளினிக் கொப்பியோடு அங்கே போய்வர ஓட்டோவுக்குக் காசு வேண்டும், அன்றைய கூலியை விடவேண்டும், கூட வர ஓர் ஆள் வேண்டும். 2022 இன் நெருக்கடியில் மருந்தையும் வெளியில் வாங்கிவரச் சொன்னார்கள். பெரிய ஏற்பாடுகளுக்கு நடுவே விழுந்து கிடக்கிற இந்தச் சின்ன இடைவெளிகளில்தான் பல உயிர்கள் நழுவிப் போகின்றன. அங்கே நிற்கக்கூடியவர் அயலவர் மட்டுமே.

1833 இல் பாரிஸ் நகரில் பிரெடரிக் ஒசானாம் என்ற 20 வயது மாணவர் சில நண்பர்களோடு தொடங்கிய சிறு குழுதான் இன்று நம் பங்குகளில் வின்சென்ட் டி போல் சபை என்று அறியப்படுகிறது. அதன் பழைய வழக்கம் மிக எளிது: இருவராகச் சேர்ந்து, வறியவரின் வீட்டுக்கே போவது. ஆலய வாசலுக்கு அவரை வரவழைத்து வரிசையில் நிறுத்துவதில்லை. அவருடைய படிகளை நாம் ஏறவேண்டும், அவர் காட்டுகிற இடத்தில் உட்காரவேண்டும். அரிசியும் பருப்பும் கையில் இருக்கும், உண்மைதான். ஆனால் திரும்பத் திரும்ப வருகிறவருக்குத்தான், சென்ற முறை சுவரோரம் இருந்த தையல் இயந்திரம் இன்று இல்லை என்பது கண்ணில் படும். அடகு வைத்ததை வாயால் சொல்ல வெட்கப்படுகிற குடும்பத்தின் நிலைமையை அந்த வெற்றிடம் சொல்லிவிடும். ஒருமுறை வந்து காசோலை கையளித்துப் படம் எடுத்துச் செல்பவருக்கு அது ஒருபோதும் தெரியவராது. பணத்தின் அளவில் இருவரும் ஒன்றாகவே இருக்கலாம். அறிவின் அளவில் அவர்களிடையே கடல் கிடக்கிறது.

போதையிலிருந்து மீள்வோரின் பாதையும் இதையே சொல்கிறது. கொழும்பு வடக்கில் தூளும் ஐஸும் எத்தனை வீடுகளை உருக்குலைத்தன என்பதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை, உங்களுக்கும்தான். பொலிஸ் பிடித்தால் ஒரு நாளில் பிடிக்கலாம். மீட்சி ஒரு நாளில் வருவதில்லை. ஹோர்ட்டன் பிளேசில் இருக்கும் சுமித்ரயோ அமைப்பு 1974 இலிருந்து ஒரே காரியத்தைச் செய்துவருகிறது: வாழ்வு வெறுத்து வருகிறவரின் பேச்சைத் தொண்டர் ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார். புத்தி சொல்வதில்லை, தீர்ப்பும் வழங்குவதில்லை. மெல் மெதுர என்ற அதன் பிரிவு போதைப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்காக இயங்குகிறது. மீண்டவன் மறுபடியும் விழுவான். விழுந்தவன் மூன்றாம் முறையும் கதவைத் தட்டும்போது, முதல்முறை திறந்த அதே முகத்தோடு திறக்க ஒருவர் இருக்கவேண்டும். எழுதுவதற்குச் சுலபமான இந்த வாக்கியத்தை வாழ்ந்து காட்டுவது எத்தனை கடினம் என்பது, மகனுக்காகக் கதவைத் திறந்து திறந்து களைத்த தாய்மாருக்குத் தெரியும். அந்தத் தாயின் களைப்பைப் பகிர்ந்துகொள்ளவும் ஒரு சமூகம் வேண்டும்.

இதே உண்மையைக் கையால் தொட்டுப் பார்க்கவேண்டுமானால் செயற்கைக் கால் செய்யும் ஒரு பட்டறைக்குப் போகவேண்டும். 1831 இல் தொடங்கிய கொழும்பு நட்புதவிச் சங்கமும், 1987 இலிருந்து யாழ்ப்பாணத்தில் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையமும் போரின் ஆண்டுகளில் எத்தனையோ பேரை மீண்டும் நடக்கவைத்தவை. ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரில் உருவாக்கிய, அந்த நிலையத்துக்குப் பெயர் தந்த ரப்பர்ப் பாதம் பார்வைக்கு மிகச் சாதாரணமானது. ஆனால் அதைக் கட்டிக்கொண்டவர் சப்பாத்து இல்லாமல் வயல் சேற்றில் இறங்கலாம், குந்தியிருக்கலாம், கோயிலுக்குள் வெறுங்காலோடு போகலாம். நம்மைப்போல் தரையில் இருந்து எழும்புகிற மனிதரை நினைத்துச் செய்யப்பட்ட கால் அது. இருந்தும் அது ஒருமுறை கொடுத்து முடிகிற பொருள் அல்ல. வெட்டுண்ட காலின் எச்சம் நாளடைவில் மெலியும், அதன்மேல் பொருந்திய கிண்ணம் தளரும், தோல் புண்ணாகும், திரும்ப அளவெடுக்கவேண்டும். மிதிவெடியில் கால் இழந்த சிறுபிள்ளைக்கு, பிள்ளை வளர வளரக் காலும் மாறவேண்டும். கொடுத்தவரும் பெற்றவரும் ஆயுள் முழுக்க ஒருவரையொருவர் தேடிக்கொண்டே இருக்கவேண்டிய உறவு அது.

2009 இல் போர் முடிந்தபோது இரு பக்கத்திலும் இளம் உடம்புகள் சிதைந்து எஞ்சின. ஒரு பக்கத்தாருக்கு ஓய்வூதியமும் விழாவும் கிடைத்தன, விழா முடிந்ததும் அவர்களும் தங்கள் கிராமத்து இருட்டுக்குள் தனித்தே திரும்பினர். மறுபக்கத்தார் தம் இழப்பை வாய்விட்டுச் சொல்லக்கூடத் தயங்கினர். அளவெடுக்கும் கைக்கு அந்தக் கால் எந்த அணியில் நின்று போனது என்பது தேவையில்லாத செய்தி. அந்தக் கையின் நேர்மை இந்த நாட்டின் அரசியலுக்கு என்றைக்கு வாய்க்குமோ என்று நான் ஏங்குவதுண்டு.

வீட்டைப் பற்றியும் ஒரு சொல். 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், கடனையும் ஆலோசனையையும் கொடுத்து வீட்டைக் கட்டும் பொறுப்பைக் குடும்பத்தின் கையிலேயே விட்டது. கொழும்புத் தோட்டங்களில் பெண்கள் குழுக்களாய்ச் சேர்ந்து வாரம் சில ரூபாவாகச் சேமித்து 1989 இல் மகளிர் வங்கியைத் தொடங்கினார்கள். பின்னர் தொடர்மாடிகள் எழுந்தன; தகரக் கூரைக்குப் பதில் கொங்கிறீட் கூரை கிடைத்தது பெரிய காரியம்தான். ஆனால் வாசலில் அப்பம் சுட்டு விற்றவள் பத்தாம் மாடியில் யாருக்குச் சுடுவாள்? ஒழுங்கையோடு சேர்ந்து கலைந்துபோன மரண உதவிச் சங்கத்தை எந்த மாடியில் கூட்டுவது? சுவரைக் கணக்கில் எடுத்தவர்கள் அயலைக் கணக்கில் எடுக்கவில்லை.

இவை அனைத்தையும் ஒன்றாக வைத்து யோசிக்கும்போது, உதவி என்பதை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறுகிற பொருளாகவே நாம் நெடுங்காலம் எண்ணிப் பழகியிருக்கிறோம் என்பதும், அந்தப் பழக்கத்தினால்தான் துயரம் நிகழ்ந்த நாளில் அள்ளிக் கொடுத்த அதே சமூகம் துயரம் வாழப்படுகிற ஆண்டுகளில் காணாமல் போய்விடுகிறது என்பதும் விளங்குகிறது. மனித உயிர் பழுதுபார்க்கப்படுவதில்லை, துணையோடு நடந்து நடந்துதான் தன்னைத் திரும்பப் பெறுகிறது. அந்த நடையின் நீளத்தைத் தீர்மானிக்கிற உரிமை நடக்கிறவருக்கே உண்டு, கூட வருகிறவருக்கு இல்லை. கூட வருகிறவரும் ஒரு கட்டத்தில், தான் கொடுத்துக்கொண்டிருந்ததாக நினைத்த இடத்தில் இத்தனை நாளும் பெற்றுக்கொண்டிருந்ததை உணர்ந்து, கொடுப்பவர் பெறுபவர் என்ற பிரிவே அந்த உறவுக்குள் கரைந்துபோவதைக் காண்கிறார். 1935 இல் அமெரிக்காவில் குடிப்பழக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த ஒருவர், தன்னைக் காத்துக்கொள்ள இன்னொரு குடிநோயாளியைத் தேடிப்போய்ப் பேசியதிலிருந்து உலகெங்கும் பரவிய மீட்சிக் குழுக்கள் பிறந்தன. தன்னிடம் எதுவுமே மிச்சமில்லை என்று நம்பியவரிடம் இன்னொருவருக்குக் கொடுக்க ஒன்று இருந்தது. அதைக் கொடுக்க இடம் கிடைத்ததே அவருக்கு மருந்தானது.

இப்படிப்பட்ட உறவுக்கு அருகாமை வேண்டும், அதுதான் இப்போது நமக்குக் குறைந்துவருகிறது. வெள்ளவத்தையில் பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் முதியோர் இல்லத்தில் ஒருநேரச் சாப்பாடு கொடுப்பவர்கள் நிறையப் பேர். புலம்பெயர்ந்த பிள்ளைகளும் தாராளமாகவே அனுப்புகிறார்கள். ஆனால் கட்டடத்துக்குப் பெயர்க்கல் உண்டு, படியேறிப் போகிறவருக்கு அது இல்லை. ஆகவே பணம் கட்டடத்தையே தேடிப் போகிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் கூடுகிற நம் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் அடுத்த மண்டபத்துக்கு ஒதுக்கவிருக்கும் தொகையை எடுத்து, ஒரு தாதியின் சம்பளமாகவும் கிளினிக்குக்குப் போய்வரும் ஓட்டோக் காசாகவும் ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று அடுத்த கூட்டத்திலேயே கேட்டுப் பார்க்கலாம். இங்கே இருக்கிற நாம், எந்த வீட்டின் படியை எந்தக் கிழமையில் ஏறப்போகிறோம் என்று இருவர் இருவராகப் பெயர் எழுதிக்கொள்ளலாம்.