தங்கியிருத்தலும் பொறுப்புடைமையும்

பிறரில் தங்கியிராதவனே சுதந்திரமானவன் என்னும் கருத்து பரவலாக நிலவுகின்றது. எனினும், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921ஆம் ஆண்டு முதல் நிற்கும் ஒன்பது வளைவுப் பாலத்தைப் புகையிரதத்தில் கடக்கும் பயணி, அதன் ஒவ்வொரு கல்லிலும் தங்கியிருக்கின்றான்; அதனை அவன் உணர்வதில்லை. தங்கியிருத்தல் இழுக்காகுமா, அன்றி அதனைச் சொல்லாது விடுதலே இழுக்காகுமா என்னும் வினா இவ்விடத்து எழுகின்றது. இதனை ஆராய்வதற்கு, மென்பொருட்களை லினக்ஸ் முறைமைக்கேற்பப் பொதிசெய்யும் தொழில் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

சேவையகத்தில் இயங்கும் மென்பொருள் எதுவும் தனித்து இயங்குவதில்லை. 2004 திசெம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையின் பின் இலங்கையில் உருவாகிய ‘சகானா’ என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய உதவியது. 2006ஆம் ஆண்டுக்குரிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதினையும் பெற்றது. அதுவும் பிஎச்பி மொழியிலும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலும் தங்கியே இயங்கியது. 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, காணாமற்போனோரின் தொகை பற்றியே முரண்பட்ட செய்திகள் வெளிவந்தன. அத்தகைய வேளையில், பதிவுக்குரிய மென்பொருள் ஏதோவொரு நூலகம் இல்லையென இயங்க மறுக்குமாயின், அதன் விலையைச் செலுத்துபவர் அதனை எழுதியவரல்லர்.

1993இல் தொடங்கிய டெபியன் முதலிய லினக்ஸ் வழங்கல்கள் இதற்கொரு நெறி வகுத்துள்ளன. ஒவ்வொரு பொதியும் தனக்கு எவை வேண்டும், எப்பதிப்பு வேண்டும், எதனோடு தான் முரண்படும் என்பவற்றை முன்கூட்டியே எழுதி வைத்தல் வேண்டும். நிறுவும் கருவி அவற்றைப் படித்து, இல்லாதவற்றைத் தருவிக்கும். பொருந்தாவிடின் நிறுவ மறுக்கும். பொதிசெய்பவர் தம் உழைப்பால் ஏற்கும் இச்சுமை, பின்னர் முகமறியாத ஆயிரவர் சுமக்கவேண்டிய சுமையேயாம்.

வேண்டிய அனைத்தையும் ஒரே பொதியினுள் அடைத்துவிடின் இத்தொல்லை இல்லையே எனச் சிலர் வாதிப்பர். ஒரே நூலகத்தின் வெவ்வேறு பதிப்புகளை வேண்டி நிற்கும் மென்பொருட்களுக்கு அது பயன் தருவதும் உண்மையே. ஆயினும், 2014 ஏப்பிரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் பெருங்குறை வெளிப்பட்டபொழுது, அதனைப் பொதுவாகப் பகிர்ந்த மென்பொருட்களுக்கு அவ்வொரு நூலகத்தைப் புதுப்பித்தலே முதன்மையான பரிகாரமாயிற்று. தனித்தனிப் பிரதிகளை உள்ளடக்கியவையோ ஒவ்வொன்றாகத் திருத்தப்படவேண்டியிருந்தன.

பகிர்தலிலும் இடருண்டு. 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவழியொன்று புகுத்தப்பட்டிருந்தமை தெரியவந்தது. அக்கருவியைப் பேணியவர் தளர்ந்திருந்த ஒரேயொரு தன்னார்வலர். அவரது நம்பிக்கையைப் பெற்றே அதனைப் புகுத்தினர். உலகம் அவரிற் தங்கியிருந்தது. அவரைத் தாங்குவார் இலர். ஆகவே, தங்கியிருத்தலை அறிவித்தல் அறத்தின் முதற்படி மட்டுமே. தாங்குவதைத் தாங்குதல் அதன் அடுத்த படி.

டெபியன் விதிகளில் ஒரு விலக்குண்டு. ‘இன்றியமையாதவை’ எனக் குறிக்கப்பட்ட பொதிகளில் தங்கியிருப்பதைப் பிற பொதிகள் அறிவிக்கவேண்டியதில்லை. ஆனால், அவை எளிதில் அகற்றப்படாதவாறு பாதுகாக்கப்படும். சொல்லாமைக்கு ஈடாகக் காவல் உண்டு.

மனித சமுதாயத்தில் இவ்வீடு எப்போதும் கிட்டியதில்லை. ஊவாவின் மலைச்சரிவுகளில் கொழுந்து கொய்தோரின் உழைப்பில் இந்நாட்டின் ஏற்றுமதிப் பொருளாதாரம் தங்கியிருந்தது. ஆயினும் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்குஞ் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. இன்றியமையாதோர், அறிவிக்கப்படவுமில்லை; பாதுகாக்கப்படவுமில்லை.

எதிலும் தங்கியிராத மென்பொருளும் இல்லை. எவரிலும் தங்கியிராத மனிதனும் இல்லை. தான் எதன்மேல் நிற்கின்றது என்பதைப் பெயரும் பதிப்பும் சுட்டிச் சொல்லும் நேர்மையை ஒரு சிறு பொதியிடம் எதிர்பார்க்கும் சமுதாயம், அந்நேர்மையைத் தன்னிடமும் எதிர்பார்த்தல் முறையாகும்.