சுற்றுலா விசாவும் கொடுத்த வாக்கும்



சுற்றுலா விசாவில் அந்நிய தேசம் போய், அங்கேயே தங்கி வேலை பார்ப்பது பாவமா? இந்தக் கேள்வி நம்மவர்களிடையே அடிக்கடி எழுகிறது. கேட்கிறவர்களில் அநேகர் பதிலையும் கையோடு கொண்டுவருகிறார்கள். "யார் பொருளைத் திருடினான், சாமி? உழைத்துத்தானே சாப்பிடுகிறான். சர்க்கார் விதி ஒன்றை மீறினான். பிடிபட்டால் அபராதம் கட்டுகிறான். இதில் சர்வேசுரனுக்கு என்ன துரோகம்?" என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. வேதசாஸ்திரிகளிடத்திலேயே இதற்கு ஓர் ஆதரவு உண்டு. சில சட்டங்கள் மனச்சாட்சியைக் கட்டுகிறதில்லை. மீறினவன் பிடிபட்டால் தண்டனையை ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவன், அவ்வளவே என்று ஒரு பழைய கொள்கை இருக்கிறது. சேசு சபையைச் சேர்ந்த சுவாரெஸ் என்னும் ஸ்பெயின் தேசத்து சாஸ்திரி, சட்டங்களைப்பற்றி 1612-ல் வெளியிட்ட நூலில் இதை ஆதரித்திருக்கிறார். சுங்கவரிக்கு இதைப் பொருத்திக் காட்டின ஆசிரியர்களும் உண்டு. (கடற்கரை ஊர்களில் இந்தப் போதனைக்கு எப்படிப்பட்ட வரவேற்பு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.) நியாயமான சட்டம் மனச்சாட்சியைக் கட்டும் என்பதுதான் அர்ச். தோமாஸ் அக்வீனாஸின் போதனை. ஆனாலும் வாதத்துக்காக விட்டுக்கொடுப்போம். முப்பது நாளா, தொண்ணூறு நாளா என்பது ஒரு சர்க்கார் வகுத்த கணக்கு. பக்கத்துத் தேசம் வேறு கணக்கு வகுக்கிறது. முப்பத்தோராம் நாள் விடிந்தவுடனே மனிதனுடைய ஆத்துமம் கறைபட்டுவிடுகிறது என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் நாள்கணக்கு வேறு, வாக்கு வேறு. மலேசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர் விசா வாங்காமலே வந்து 30 நாள் தங்க அந்தத் தேசம் இடங்கொடுத்தது. பார்க்க வருகிறவர்களுக்கான அநுமதி அது. அதைக்கொண்டு வேலை செய்யக் கூடாது. ஒருவன் இருபத்தொன்பதாம் நாள் பஸ் ஏறி, தாய்லாந்து எல்லையைத் தாண்டி, ஹட்யாயில் இரண்டு நாள் இருந்துவிட்டு, புது முத்திரையோடு திரும்பி, கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக்கடை அடுப்படிக்குப் போகிறான். நாள்கணக்கில் அவன் ஒரு நாளும் தவறவில்லை. ஆயினும் "எதற்கு வந்தாய்?" என்று கேட்ட அதிகாரியிடம் "ஊர் பார்க்க" என்றானே, அது பொய். இன்னொருத்தி மகள் வீட்டுக்கு மெய்யாகவே விருந்தாளியாய்ப் போகிறாள். காய்ச்சலில் படுத்து, நாள் கடந்து திரும்புகிறாள். முத்திரையை மாத்திரம் பார்க்கிற கண்ணுக்கு இவள்தான் குற்றவாளி. எட்டாம் கட்டளைக்கு முன்பாகவோ இவள் குற்றமற்றவள்.

ஒரு வார்த்தைப் பொய்யினால் யாருக்கு என்ன நஷ்டம் என்பீர்கள். 2023 பிப்ரவரியில் கேரளத்திலிருந்து ஒரு குருவானவர் தலைமையில் 26 பேர் திருநாட்டு யாத்திரை போனார்கள். இஸ்ராயேலில் அவர்களில் ஆறு பேர் கூட்டத்தை விட்டு மறைந்துபோனார்கள். அழைத்துப் போன குருவானவர் போலீசில் முறையிட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் கேரளத்து யாத்திரைக் கூட்டம் இன்னொன்றில் ஏழு பேர் இவ்வாறே பிரிந்துபோக, மிஞ்சினவர்களை அங்குள்ள ஏஜெண்டு நிறுத்திவைத்துப் பணம் கேட்டதாகச் செய்தி வந்தது. மிஞ்சினவர்கள் யார்? புண்ணிய ஸ்தலங்களை ஒருதரம் தரிசிக்க வேண்டுமென்று போனவர்கள்.

நஷ்டம் அவர்களோடு நின்றுவிடாது. நாளைக்கு நம் பங்கிலுள்ள ஒரு தையற்காரர் அதே விசாவுக்கு மனுப்போட்டால், அதிகாரி அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பாங்குப் புஸ்தகத்தைப் பார்ப்பார். ஏழைக்கு ஒரு கதவு திறக்கிறதென்றால் அவன் சொல்லை நம்பித்தான் திறக்கிறது. காட்டுவதற்கு அவனிடம் வேறே சொத்து இல்லை. "யார் பொருளைத் திருடினான்?" என்று கேட்டீர்களே, அந்த நம்பிக்கையைத்தான் எடுத்துக்கொண்டு போனான். அது பின்னால் வருகிறவர்களுடையது.

பிழைப்புத் தேடிப் போவது தவறா என்றால், இல்லவே இல்லை. 1952-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதரும், 1963-ல் 23-ம் அருளப்பரும் குடிபெயரும் உரிமையை வெளிப்படையாகப் போதித்திருக்கிறார்கள். உயிர் போகிற நெருக்கடியில் இருக்கிறவன் பிறர் பொருளை எடுத்துக்கொண்டாலும் அது திருட்டாகாது என்கிறார் அர்ச். தோமாஸ். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து உயிர் தப்பி ஓடின தமிழரில், எந்தக் காகிதம் கையில் அகப்பட்டதோ அதைக்கொண்டு ஏறினவர்கள் உண்டு. அவர்களை இந்தத் தராசில் வைத்து நிறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் மாடி வீட்டுக்குக் கான்கிரீட் போடுவதும், தங்கைக்கு முப்பது சவரன் சேர்ப்பதும் உயிர் போகிற நெருக்கடியா? போகிற பிள்ளையை மாத்திரம் நான் குறை சொல்லவில்லை. இந்தப் பொய்களில் பாதி நம்முடைய கலியாணப் பந்தலில்தான் பிறக்கின்றன. முப்பது சவரன் கேட்கிற மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறு பூசையில் முன்வரிசையில் முழந்தாளிட்டிருக்கிறார்கள்.

அவர்களுக்கு அடுத்தபடி ஏஜெண்டு. பத்தாவது தேறாதவர்கள் மலேசியா, வளைகுடா நாடுகள் முதலிய 18 தேசங்களுக்கு வேலைக்குப் போவதானால் நம் சர்க்காரின் குடிபெயர்வு அநுமதி வேண்டுமென்றும், 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்புறுதி கட்டாயமென்றும் ஏற்பாடு உண்டானது. 1983-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற ஏஜெண்டு தன் கூலியாக 30,000 ரூபாயும் வரியும் தவிர வாங்கக் கூடாதென்றும் விதித்தார்கள். ஊர் பார்க்கப் போகிறவனுக்கு இவை ஒன்றும் கிடையாது. சாரத்திலிருந்து விழுந்தால் அவன் சுற்றுலாக்காரன். காப்புறுதிப் பணம் வராது. சம்பளம் கொடுக்காவிட்டால் போலீசுக்குப் போக முடியாது. போனால் முதலில் விலங்கு விழுவது அவன் கைக்கே. மலேசியச் சட்டம் நாள் கடந்து தங்கினவனுக்கு 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமும் ஐந்து வருஷம் வரை சிறையும் சொல்லுகிறது. முதலாளி இதை நன்றாய் அறிவான். பொய் சொல்லி நுழைந்தவன் அவனுக்கு அடிமைச்சீட்டு எழுதிக்கொடுத்தவன் மாதிரி. "டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றித் தருவார்கள்" என்று சொல்லி லட்சங்களை வாங்குகிறவன் இதையெல்லாம் தெரிந்தே வாங்குகிறான். அவனுக்குப் பாவசங்கீர்த்தனம் மாத்திரம் போதாது. வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

ஏற்கெனவே போய்விட்டவர்களுக்கு என்ன சொல்ல? அங்கே ஆறு மாதச் சம்பளம் பாக்கி, இங்கே கடன் வட்டி ஏறுகிறது. அவனிடம் "நாளைக்கே புறப்படு" என்று சொல்ல எந்த ஆத்தும குருவுக்கும் நாவெழாது. மேலும் ஒரு பொய் சொல்லாதே, தம்பியை அதே வழியில் கூப்பிடாதே என்று சொல்லலாம். மன்னிப்புக் காலம் வந்தால் அதை விடாதே என்று சொல்லலாம்: மலேசியாவில் 2024 மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை சிறைக்குப் போகாமல் அபராதம் செலுத்தி ஊர் திரும்ப வழி விட்டார்கள், துபாய் முதலிய அமீரகங்களில் அதே ஆண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் முடிய அபராதத்தையே தள்ளிக் கொடுத்தார்கள். அபராதம் உண்டென்றால் கட்டியே தீர வேண்டும். சுவாரெஸும் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசியாக ஒரு காரியம். திருநாட்டு யாத்திரைக்குப் போகிறவர்கள் பங்குக் குருவின் சிபாரிசுக் கடிதம் கேட்டு வருகிறார்கள். "இவர் என் பங்கைச் சேர்ந்தவர், யாத்திரை முடிந்து திரும்புவார்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன் நான். அடுத்த யாத்திரைக்குக் கடிதம் வேண்டியவர்கள் சனிக்கிழமை மாலை பங்களாவுக்கு வாருங்கள். திரும்பி வருவீர்களா என்று கேட்பேன். வேலைக்குப் போக விரும்புகிறவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள். 2023 மே மாதத்தில் நம் சர்க்காரும் இஸ்ராயேல் சர்க்காரும் கட்டட வேலைக்கும் நோயாளிப் பராமரிப்புக்குமாக 42,000 பேரை அனுப்ப உடன்படிக்கை செய்துகொண்டன. இப்படிப்பட்ட வழி குறுகலானதுதான், வரிசையும் நீளம். அந்த வரிசையில் நிற்பதற்கு ஒரு நன்னடத்தைக் கடிதம் வேண்டுமென்றால் அதையும் எழுதித் தருகிறேன். ஏஜெண்டு கொடுத்த தாள்களையும் கொண்டுவாருங்கள். இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்லுகிறேன்.