கரையில் காத்திருந்த தாய்

அய்யா துணை



கொல்லம் ஆண்டு 1008, மாசி மாதம். நோயில் வாடிய மகனைத் தொட்டில் கட்டிச் சுமக்கச் செய்து திருச்செந்தூருக்கு வந்தார் வெயிலாள் அம்மை. மகன் கடலுக்குள் இறங்கினார், திரும்பவில்லை. கூட வந்தவர்கள் சோர்ந்து ஊர் திரும்பினார்கள். தாய் மட்டும் கரையை விட்டு அசையவில்லை. மூன்றாம் நாள், மாசி 20 அன்று, வைகுண்டராக எழுந்து வந்தவரைக் கண்டு “மகனே” என்று ஓடினார். அப்போது அய்யா, தாம் இனி நாராயணர் பெற்ற பிள்ளை என்று தாய்க்கு உணர்த்தினார்.

இன்று அந்தக் கரை, மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை அறையின் வாசலாக இருக்கிறது. உள்ளே அனுப்பிய பிள்ளை திரும்பி வருமா என்று எத்தனையோ தாய்மார் அங்கே காத்திருக்கிறார்கள்.

குமரி மாவட்டத்து அன்புக்கொடி குடும்பம் ஒன்றில் நான்கு வயதுப் பெண் பிள்ளை. இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் ஓட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செலவு முடிந்தது. மார்பெலும்பைத் திறந்து, ஓட்டையை மூடி, எலும்பைக் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். பிள்ளை பிழைத்தாள். வீட்டுக்கு அனுப்பும் நாளும் வந்தது.

பாட்டிக்கு ஒரே ஆசை. பிள்ளையை நேராகத் தாங்கலுக்குக் கொண்டுபோக வேண்டும்; ஞாயிற்றுக்கிழமைப் பணிவிடைக்கு வரும் மக்கள் எல்லாரும் பார்க்க வேண்டும். ஆனால் அவர் நெஞ்சில் ஒரு முள்ளும் இருந்தது. தாங்கலில் பணிவிடை செய்யும் பெரியவரிடம் போய் அழுதார்.

“பிள்ளைக்கு முத்திரிபதம் குடுத்தேன், நாமம் இட்டேன். பின்னும் நெஞ்சைக் கீற வேண்டி வந்துட்டே. எனக்க பக்தியிலே குறை இருக்கா?”

பெரியவர் சொன்னார்: “உங்க பக்தியிலே குறை இல்லே அம்மா. பதம் தந்தது அய்யாதான். கத்தி பிடிச்ச கைக்கு நிதானம் தந்ததும் அய்யாதான். அய்யாவுக்க வேலையை ஏன் இரண்டாப் பிரிக்கிறீங்க? இனி நெத்திக்கு நாமம். நெஞ்சுக்கு டாக்டர் சொன்ன மருந்து. காயத்திலே மண்ணும் வேண்டாம், பதமும் வேண்டாம். ஈரம் படாமப் பாருங்க.”

தாங்கலுக்கு எப்போது வரலாம் என்று பாட்டி கேட்டார். “எலும்பு கூட ஆறு, எட்டு வாரம் ஆகும்னு டாக்டர் சொல்லியிருக்காருல்லா? அதுவரை உங்க வீடுதான் பிள்ளைக்கு நிழல் தாங்கல். நிழல் குடுங்க; கூட்டம் குடுக்காதீங்க” என்றார் பெரியவர்.

அன்பர்களே, அறுவைச் சிகிச்சை முடிந்து வரும் பிள்ளை உள்ள வீட்டார் இந்தச் சொல்லை மனத்தில் வைக்க வேண்டும். அன்பு மிகுந்து சொந்தக்காரர் திரண்டு வருவார்கள், தூக்குவார்கள், முத்தமிடுவார்கள். சளியோ காய்ச்சலோ உள்ளவர் ஒருவர் போதும், பிள்ளை மறுபடியும் மருத்துவமனைக்குப் போக. அவர்கள் வாசலில் நின்று “அய்யா உண்டு” என்று வாழ்த்திப் போவதே அன்பு. பிள்ளையைத் தூக்குகிறவர் கைகளைப் பிடித்தோ, அக்குளில் கை கொடுத்தோ தூக்கக் கூடாது. ஒரு கை தோளுக்கும் கழுத்துக்கும் கீழே, மறு கை இடுப்புக்குக் கீழே வைத்து ஏந்த வேண்டும். மருந்தை வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். காய்ச்சல் வந்தாலோ, காயம் சிவந்து நீர் வடிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இவை எல்லாமே பணிவிடைதான்.

இரவில் பிள்ளை அலறி எழுந்தாள். வெள்ளை உடுத்தவரைக் கண்டால் தாயின் முந்தானையில் ஒளிந்தாள். தாயும் உறங்கவில்லை, பிள்ளையின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று விளக்கைக் கொளுத்திக் கொளுத்திப் பார்த்தாள். பயந்த பிள்ளையை அதட்டாமல் அணைப்பதும், உறங்காத தாயைச் சற்று உறங்க வைப்பதும் அந்த வீட்டில் மற்றவர்களுக்கு உரிய தர்மம்.

பாட்டி வேறொரு கோவிலுக்குச் சேவல் நேர்ந்திருந்தார். அதைச் செலுத்தாவிட்டால் பிள்ளைக்கு ஆகாதோ என்று நடுங்கினார். உயிர்ப்பலியும் காணிக்கையும் வேண்டாம் என்றவர் அய்யா. ஓர் உயிரைக் கொடுத்து இன்னோர் உயிரை வாங்க அவர் சந்நிதி சந்தை அல்ல. அப்படியானால் நன்றியை எப்படிச் செலுத்துவது?

1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மருத்துவர் லில்லெஹெய் இத்தகைய ஓட்டையை முதன்முதலில் மூடினார். அப்போது பிள்ளையின் தகப்பனே பக்கத்தில் படுத்து, தன் இரத்த ஓட்டத்தால் பிள்ளையின் உயிரைத் தாங்கினார். இன்று அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. தேவைப்படும் இரத்தத்தை முகம் தெரியாதவர்கள் தருகிறார்கள். இந்தப் பிள்ளையின் உடம்பில் ஓடிய இரத்தம் எந்தச் சாதியாருடையது? யாரும் கேட்கவில்லை. தீண்டாமை கொடிகட்டிப் பறந்த காலத்தில் முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக நீராட வைத்தார் அய்யா. அந்தக் கிணற்று நீர் போலவே, பேர் ஊர் கேளாத இரத்தம் பிள்ளையைக் காத்தது. ஆகவே திரும்பி வந்த பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும் உரியவள் அல்ல. கடலிலிருந்து வந்த மகனிடம் வெயிலாள் அம்மை அறிந்துகொண்டதும் இதுதானே!

தகப்பன் புரிந்துகொண்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுப்பது என்று தீர்மானித்தார். சேவல் முற்றத்தில் மேய்கிறது.

வாரங்கள் கழிந்து, மருத்துவர் அனுமதித்த பின் பிள்ளையைத் தாங்கலுக்குக் கூட்டி வந்தார்கள். பாட்டி அவள் சட்டையின் மேல் பொத்தானை இழுத்து இழுத்துப் போட்டார். பெண் பிள்ளை, தழும்பை நாலு பேர் பார்த்தால் நாளை கல்யாணப் பேச்சில் குறையாகுமே என்ற கவலை. நெற்றியில் நாமம் இட்டுப் பள்ளியறைக் கண்ணாடி முன் பிள்ளை நின்றாள். பொத்தான் நெகிழ்ந்திருந்தது. கண்ணாடியைப் பார்த்தவள், “பாட்டி, நெஞ்சிலேயும் நாமம் இருக்கு!” என்றாள்.

பாட்டி கையை எடுத்துவிட்டார். அந்தப் பொத்தானை மறுபடி போடவில்லை.

தலைப்பாகை கட்டக் கூடாது என்று குனிய வைக்கப்பட்ட மக்களை, தலைப்பாகையோடு தம் முன் நிமிர்ந்து நிற்கச் சொன்னவர் அய்யா. அவர் மக்கள் தங்கள் பிள்ளைக்கு வெட்கத்தைக் கற்றுக்கொடுக்கலாமா? பிழைத்த பிள்ளையை “நோயாளிப் பிள்ளை” என்று அழைக்காதீர்கள். மருத்துவர் விடும் அளவுக்கு ஓட விடுங்கள், பள்ளிக்கு அனுப்புங்கள். அவள் நெஞ்சில் இருப்பது குறையல்ல. பலர் செய்த தர்மத்தின் அடையாளம்.

இன்றும் கரையில் காத்திருக்கும் தாய்மார் அனைவருக்கும் அய்யா துணையிருப்பார்.

அய்யா உண்டு!