தொட்டி நீரும் கொல்லாமையும்

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நம் இல்லங்களில், வடிகட்டாத நீரைப் பருகும் வழக்கம் முன்னாளில் இல்லை. வந்தவாசிக்கு அருகில் நாம் பிறந்த ஊரில், அன்னையார் குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை இரட்டையாக மடித்துக் கட்டி நீர் வார்ப்பார். வார்த்து முடிந்ததும் துணியை உதறமாட்டார். அதனைத் திருப்பிப் பிடித்து, வடித்த நீரையே சிறிது ஊற்றி, துணியில் தங்கிய சிற்றுயிர்களை வாளிக்குள் சேர்ப்பார். பின்னர் அவ்வாளியைக் கிணற்றுநீர் தொடும்வரை மெல்ல இறக்கிக் கவிழ்ப்பார். மேலிருந்து கொட்டினால் அவை அடிபடும் என்பார். எந்த நீரில் தோன்றினவோ அந்நீருக்கே அவற்றைச் சேர்ப்பிக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த முறை.

அந்தத் துணியொன்றை மடித்து எடுத்துக்கொண்டுதான் 2022ஆம் ஆண்டு மே மாதம் நாம் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினோம். மகளும் மாப்பிள்ளையும் அங்கு மிச்சிகன் மாநிலத்தில் வாழ்கின்றனர். ஆர்.வி. என்று சுருக்கமாக வழங்கப்படும் வீட்டு வண்டியொன்று அவர்களிடம் உண்டு. அடுப்பும், படுக்கையும், குளியலறையும் அதனுள்ளேயே அமைந்துள்ளன. கதிரவன் மறையுமுன் நம் கையால் சமைத்து உண்டுவிடலாம் என்பதால், பயணத்தில் உணவு நியமம் காக்க விரும்பும் நம்மனோர்க்கு அஃது ஒரு வாய்ப்பு எனலாம். வண்டியின் அடியில் 45 கேலன், அதாவது ஏறத்தாழ 170 லிட்டர் கொள்ளும் நன்னீர்த் தொட்டி இருக்கிறது. அதிலிருந்து சிறு பம்பு ஒன்று குழாய்களுக்கு நீரை ஏற்றுகிறது. பனிக்காலத்தில் குழாயிலுள்ள நீர் உறைந்தால் குழாயே வெடித்துவிடும். ஆகையால் நீரை முற்றும் வடித்து, உறைதலைத் தடுக்கும் இளஞ்சிவப்புத் திரவத்தைக் குழாய்களில் நிரப்பி, வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கின்றனர். வசந்தத்தில் அதனை வெளியேற்றிக் கழுவியபின், பிளீச் திரவத்தைக் கலந்து தொட்டியையும் குழாய்களையும் தூய்மை செய்வது அந்நாட்டு வழக்கம்.

மாப்பிள்ளை பிளீச் புட்டியை எடுத்து வந்தபோது, “இது எதற்கு?” என்று கேட்டோம். “தொட்டியில் கிருமிகள் இருக்கும் அத்தை, அவற்றைக் கொல்வதற்கு” என்றார். கொல்வதற்கு என்ற சொல் நம் செவியில் சுட்டது. “வேண்டாம் மாப்பிள்ளை, நன்றாகக் கழுவினால் போதும். நாம் துணியில் வடித்துக்கொள்வோம்” என்றோம். அவர் மறுத்து ஒரு சொல்லும் கூறாமல் புட்டியை உள்ளே வைத்துவிட்டார். மூத்தோர் சொல்லைத் தட்டாத பண்பு அவருடையது. அப்பண்பை நாம் பயன்படுத்திக்கொண்டோம் என்பது பின்னரே விளங்கியது.

பயணத்தின் நான்காம் நாள், ஆறு வயதுப் பேத்திக்கு வாந்தியும் பேதியும் கண்டன. இரவில் மருத்துவமனைக்கு விரைந்து, நரம்பின் வழியே உப்புநீர் ஏற்றினார்கள். குழந்தை இரண்டு நாளில் தேறினாள். இன்னதுதான் காரணம் என்று மருத்துவர் எதையும் உறுதியாகக் கூறவில்லை. வழியில் உண்ட பழமாகவும் இருக்கலாம் என்றார். மகளும் மாப்பிள்ளையும் நம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. ஆயினும் அந்தக் குழந்தை அவ்வண்டிக் குழாயில் பல் துலக்கியவள். நாம் துணி கட்டியதோ சமையலறைக் குழாயில் மட்டும். இதனை எண்ணாத நாள் அதன்பின் இல்லை.

நாம் செய்தது கொல்லாமையா?

ஆசிரியப் பயிற்சியில் நமக்குப் பயிற்றுவித்த முதற்பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் என்பது. அவ்வாறே தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். நீரில் உள்ள உயிர்கள் இருவகை. நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் ஒன்று. 84 இலட்சம் யோனி பேதங்களுள் இவற்றிற்கு 7 இலட்சம் கூறுவர். நீரை உறைவிடமாகக் கொண்டு அசைந்து திரியும் சிற்றுயிர்கள் மற்றொன்று. துணி காப்பது இரண்டாம் வகையுள்ளும் துணியின் கண்ணைவிடப் பெரியவற்றை மட்டுமே. ஒரு துளி நீரில் 36,450 உயிர்கள் என்னும் கணக்கை நம் சிறு நூல்களில் பலமுறை படித்திருப்பீர்கள். அஃது இரண்டாம் வகையைப் பற்றியதே. நீருடல் உயிர்களின் எண்ணிக்கையாக அதனை எடுத்தாளுதல் பொருந்தாது. வகுப்பில் பிள்ளைகள் இதனைக் குழப்பிக்கொள்ளும்போதெல்லாம் திருத்தியிருக்கிறோம். பெரியவர்களைத் திருத்துவதுதான் கடினம்.

அடுத்து, காய்ச்சிய நீர். “வெந்நீர் வைத்துத்தானே பருகுகிறீர்கள் அத்தை, அதில் உயிர் போவதில்லையா?” என்று மாப்பிள்ளை பின்னொருநாள் பணிவாகக் கேட்டார். போகத்தான் செய்கிறது. வடித்த நீர் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம் கடந்தால் மீண்டும் வடிக்கப்பட வேண்டும் என்றும், காய்ச்சிய நீர் 24 மணி நேரம் வரை தாங்கும் என்றும் நம்மவர் கொள்வது எதனால்? நீரில் உயிர்கள் ஓயாது தோன்றித் தோன்றி மடிகின்றன. ஒருமுறை காய்ச்சினால் அத்தோற்றம் ஒரு கால அளவுக்குத் தடைப்படுகிறது. ஓர் இம்சையை ஏற்று, பல இம்சைகளைத் தவிர்க்கிறோம். இல்லறத்தாராகிய நாம் இதனைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தும், பிளீச் புட்டியைக் கண்டதும் ஏதோ புதிய பாவத்தைக் கண்டாற்போல் நடுங்கினோம்.

அந்த நடுக்கத்தில் வேடிக்கையும் உண்டு. தொட்டியில் நிரப்பிய நகராட்சி நீரிலேயே குளோரின் இருந்தது. 1908இல் நியூ ஜெர்சி மாநிலத்து ஜெர்சி நகரம் தன் குடிநீர் முழுவதிலும் குளோரின் கலக்கத் தொடங்கியதுமுதல் அம்முறை உலகெங்கும் பரவியது. குடிநீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் வரை அமெரிக்க அரசு அனுமதிக்கிறது. நம் ஊர்க் கிணறுகளில் வெள்ளக் காலத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டதையும் பார்த்திருக்கிறோம்; அந்நீரை நாமும் பருகினோம். செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படல் என்று வினை மூவழியாலும் வந்து சேரும் எனக் கற்ற நாம், பிறர் கையால் கலந்ததைப் பருகிக்கொண்டு, நம் கண்முன் கலப்பதை மட்டும் தடுத்தோம். நம் கை தூய்மையாக இருக்க வேண்டும் என்னும் விருப்பம் அது. அவ்விருப்பத்தின் விலையைக் கட்டிலில் கிடந்த குழந்தை செலுத்தினாளோ என்பதே நம் ஐயம்.

இன்று ‘பிரமாதம்’ என்பதைப் பாராட்டுச் சொல்லாக வழங்குகிறோம். நம் ஆகமங்களில் அதன் பொருள் சோர்வு, கவனமின்மை என்பதாகும். தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமியார் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில், உயிர் போவதை மட்டும் கூறி நிறுத்தவில்லை. பிரமாதத்தையும் சேர்த்தே கூறுகிறார். அவ்வாறெனில், நீர் தேங்கிக் கிடந்த தொட்டியைத் தூய்மை செய்யாமல் விட்ட நம் செயலில் பிரமாதம் இல்லையா? தொட்டியின் உட்சுவரிலும் குழாயின் உள்ளும் வழவழப்பான படலம் ஒன்று படிகிறது. வெறும் நீரால் கழுவினால் அது நீங்குவதில்லை. 1976இல் பிலடெல்பியா நகர விடுதியொன்றில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலர் நுரையீரல் நோயால் இறந்தனர். அதற்குக் காரணமான நுண்ணுயிரை அடுத்த ஆண்டு கண்டறிந்து, பின்னர் லெஜியோனெல்லா என்று பெயரிட்டனர். வெதுவெதுப்பான தேங்குநீரில் அது பெருகுகிறது. நீராடும்போது தெறிக்கும் நுண்துளிகளின் வழியே மூச்சில் நுழைகிறது. இதற்குக் குழாயில் கட்டிய துணி என்ன செய்யும்?

இம்சையை நம் ஆன்றோர் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுத்தனர். கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்யும் சங்கற்ப இம்சையை இல்லறத்தார் அறவே விடவேண்டும். தொட்டியைத் தூய்மை செய்தலைத் தற்காப்பாகக் கருதி விரோதத்துள் அடக்குவோரும் இருப்பர். நமக்கு அது சரியாகத் தோன்றவில்லை. விரோதத்திற்குப் பகைவன் ஒருவன் வேண்டும். நுண்ணுயிருக்கு நம்மீது பகை ஏது? சமைத்தல், பெருக்கல், துவைத்தல் போன்ற மனைத்தொழிலின் ஆரம்ப இம்சை என்பதே பொருந்தும். ஆனால், ‘99.9 சதவீதக் கிருமிகளை ஒழிக்கும்’ என்று விளம்பரங்கள் மார்தட்டுவதுபோல, ஒழித்தேன் என்ற மகிழ்ச்சியோடு ஊற்றினால் அதே செயல் சங்கற்பத்தின் பக்கம் சாய்ந்துவிடும் என்றே நினைக்கிறோம். இங்கு இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும். ஆரம்ப இம்சை தவிர்க்க இயலாதது என்று சொல்லிச் சொல்லியே நம்மில் பலர் எதனையும் செய்யத் துணிந்துவிட்டனர். தவிர்க்க இயலாதது எவ்வளவு என்று அளக்காதவர்க்கு அச்சொல்லைக் கூறும் உரிமை இல்லை.

2024ஆம் ஆண்டு வசந்தத்தில் மீண்டும் சென்றோம். இம்முறை, “புட்டியை எடுங்கள் மாப்பிள்ளை, நாமும் உடனிருக்கிறோம்” என்றோம். அளவு 15 கேலனுக்குக் கால் கோப்பை. அத்தொட்டிக்கு முக்கால் கோப்பை, ஏறத்தாழ 180 மில்லிலிட்டர். மணமோ சாயமோ கலவாத பிளீச்சாக இருத்தல் வேண்டும். வினிகர் முதலிய புளிப்புப் பொருள்களோடு அது கலந்தால் நச்சு வாயு எழும். முதலில் வெந்நீர்க் கலனை அணைத்து ஆறவிட்டு, வடிகட்டிகளைக் கழற்றி வைத்தார். பிளீச்சை ஒரு வாளி நீரில் கரைத்து ஊற்றி, தொட்டியை நிரப்பி, பம்பை இயக்கினார். ஒவ்வொரு குழாயாக, குளிர்நீர் வெந்நீர் இரண்டையும், அந்த மணம் வரும்வரை திறந்து மூடும் பணி நமக்கு. பன்னிரண்டு மணி நேரம் அப்படியே விட வேண்டும்.

மறுநாள் காலை, தொட்டியின் அடித்திருகைத் திறந்து நீரைத் தரையில் விடப்போனார். வண்டி நின்ற இடம் சரிவு, சரிவின் கீழே சிறு குளம், அதில் தவளைகள். அந்நீரில் இருந்த குளோரின் குடிநீரில் அனுமதிக்கப்படும் அளவைவிடப் பத்து மடங்குக்கு மேல். “மாப்பிள்ளை, இந்நீர் எங்கே போகும்?” என்று கேட்டோம். அவர் குளத்தைப் பார்த்தார். திருகிலிருந்து கையை எடுத்துவிட்டார். பம்பின் வழியே நீரைக் குழாய்களில் விட்டு, கழுவுநீர்த் தொட்டியில் சேர்த்து, அங்கிருந்து வீட்டுச் சாக்கடைத் திறப்புக்கு நீள்குழாய் இட்டு வெளியேற்றினோம். தரையில் விட்டிருந்தால் கால் மணியில் முடிந்திருக்கும். இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வாளியைக் கிணற்றின் அடிவரை இறக்கிய அன்னையாரின் நினைவு அப்போது வந்தது. ஐயறிவுயிராகிய தவளையைக் காக்க இயன்ற இடத்தை விட்டு, இயலாத இடத்தில் நின்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாதிட்டிருக்கிறோம்.

இன்னொன்றும் மாப்பிள்ளையிடம் கேட்டுப் பெற்றோம். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் தொட்டியை முற்றும் வடித்துவிடுவது; நீரைத் தேங்கவிட்டு அடுத்த பயணம்வரை வைப்பதில்லை. உயிர் தோன்றுவதற்கு இடம் கொடுத்துவிட்டுப் பிறகு கொல்வதைவிட, தோன்றாமல் காப்பது நம் முன்னோரின் 48 நிமிடக் கணக்கிற்கு நெருக்கமானது. அவர் பொறியாளர், இக்கணக்கை நம்மைவிட விரைவில் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலை தொட்டியை நல்ல நீரால் இருமுறை நிரப்பி வடித்தோம். இரவு பிரதிக்கிரமணத்தில் நீருயிர்களிடம் பிழைபொறுக்க வேண்டிக்கொண்டபோது, குறித்த ஒரு செயலை மனத்தில் வைத்து அதனைச் சொன்னது நமக்கு அதுவே முதன்முறை. மறுநாள் பேத்தி குழாயைத் திறந்து முகர்ந்து, “பாட்டி, இன்னும் வாசனை வருகிறது” என்றாள். மூன்றாம் முறையாகத் தொட்டியை நிரப்பச் சொன்னோம்.